சோலாரிஸுக்கு இசையமைக்கத் தகுந்தவர் யார்?

புகழ்பெற்ற அறிவியல் புனைகதை ஒன்று திரைப்படமாகப் போகிறது என்ற செய்தி கசிந்தால் போதும், வாசகர் வட்டங்களில் ஒரு விளையாட்டு தொடங்கிவிடுகிறது. இயக்குநர் யார், நாயகன் யார் என்ற வாதங்கள் ஓய்ந்தபின் இசையமைப்பாளர் பட்டியலுக்கு வருவார்கள். ஒருவர் ஜான் வில்லியம்ஸ் என்பார். மற்றவர் ஹான்ஸ் ஸிம்மர் என்பார். 2022-இல் மறைந்த வாங்கெலிஸ் இன்று இருந்திருந்தால் என்று மூன்றாமவர் பெருமூச்செறிவார். பெயர்கள் குவியும், எந்த நாவலுக்கு என்ற கேள்வி மட்டும் எழாது. இன்று ஒரு நாவலுக்குப் போட்ட பட்டியலையே நாளை இன்னொன்றுக்கும் நீட்டுவார்கள். மணமக்கள் யாரென்று அறியாமலே நாதஸ்வரக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடுவது போன்றது இது.

இந்த விளையாட்டை நாம் ஏற்கவில்லை. விளையாட்டுதானே என்று விட்டுவிடவும் நமக்கு மனமில்லை. ஏனெனில் தயாரிப்பாளர்களும் ஏறக்குறைய இப்படித்தான் இசையமைப்பாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதன் விலையைக் கொடுப்பது நாவல். அறிவியல் புனைகதைக்கு உரிய இசையமைப்பாளர் என்று பொதுவாக ஒருவரும் கிடையாது. ஒரு நாவல் எழுப்பும் கேள்விக்கு உரிய இசையமைப்பாளர் உண்டு. அந்தக் கேள்வியை வாசித்தறியாமல் அவரைக் கண்டடைய முடியாது. இதை மெய்ப்பிக்க ஒரே நாவலை எடுத்துக்கொள்வோம். போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் 1961-இல் வெளியிட்ட ‘சோலாரிஸ்’ அது. 1968-இல் சோவியத் தொலைக்காட்சியில் ஒருமுறை படமாக்கப்பட்ட அந்நாவல், பின்னர் இரண்டு பெரும் இயக்குநர்கள் கையில் இரண்டு திரைப்படங்களாயிற்று. 1972-இல் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி. இசை எட்வர்த் ஆர்தெமியேவ். 2002-இல் ஸ்டீவன் சோடர்பெர்க். இசை கிளிஃப் மார்ட்டினெஸ். ஒரே நாவலுக்கு இரு வேறு இசைகள். நம் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான சோதனைக்கூடம் வேறில்லை.

முதலில் நாவல். சோலாரிஸ் என்ற கோள் முழுவதையும் ஒரு கடல் மூடியிருக்கிறது. அந்தக் கடல் உயிருள்ளது; சிந்திப்பதாகவும் தோன்றுகிறது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக அதை ஆராய்ந்து, அதன் பேருருவங்களுக்குப் பெயர்கள் சூட்டி, ஒரு நூலகத்தையே எழுதி நிரப்பிவிட்டார்கள். கடலைப் பற்றி ஒன்றும் தெரிந்தபாடில்லை. ஆய்வு நிலையத்துக்கு வந்துசேரும் கெல்வின் முன், அவனால் கைவிடப்பட்டுத் தற்கொலை செய்துகொண்ட மனைவி ஹாரே உயிருடன் வந்து நிற்கிறாள். அவன் நினைவிலிருந்து அந்தக் கடல் உருவாக்கி அனுப்பிய உரு அவள். ஏன் அனுப்பியது? தண்டனையா, பரிசா, சோதனையா, அல்லது எந்த நோக்கமும் இல்லாத ஒரு நிகழ்வா? லெம் விடை தரவில்லை. விடை கிடைக்காது என்பதே அவர் சொல்ல வந்தது. நாவலின் இறுதியில் கெல்வின் கடலின் கரையில் நின்று கையை நீட்டுகிறான். அலை எழுந்து வந்து கையைச் சூழ்ந்துகொள்கிறது. ஆனால் தொடவில்லை. கைக்கும் அலைக்கும் நடுவே மெல்லிய காற்றுப்படலம் எஞ்சி நிற்கிறது.

அந்தக் காற்றுப்படலம்தான் நாவல் என்று நாம் கருதுகிறோம். சோலாரிஸுக்கு இசையமைக்க வருபவர் அதைக் காப்பாற்ற வேண்டும். மிஞ்சிய தகுதிகளெல்லாம் அதற்குப் பின்னரே.

இது எளிதான காரியமன்று. திரையிசையின் வழக்கமான தொழிலே அந்த இடைவெளியை அடைப்பதுதான். கதவு திறக்கும்போது அஞ்ச வேண்டுமா, காதலி திரும்பும்போது அழ வேண்டுமா என்று பார்வையாளனின் காதில் ஓதுவது இசை. குடும்பக் கதையில் அது குற்றமன்று. ஆனால் ஒரு கடலை நம்மால் புரிந்துகொள்ளவே முடியாது என்று ஒரு நாவல் சொல்லும்போது, அந்தக் கடல் தோன்றும் காட்சியில் வயலின்கள் எழுந்து “இது மகத்தானது, வியந்துகொள்” என்று கட்டளையிட்டால் நாவல் அந்த இடத்திலேயே முடிந்துபோகிறது. வியப்பு என்பதும் ஒரு விடைதான். லெம் அதையும் நமக்குத் தர மறுத்தவர்.

ஆர்தெமியேவ் என்ன செய்தார்? தனக்கு வழக்கமான பொருளில் இசையமைப்பாளர் தேவையில்லை, ஒலிகளை ஒழுங்கு செய்பவர் ஒருவரே தேவை என்ற எண்ணத்துடன்தான் தார்க்கோவ்ஸ்கி தம்மை அணுகியதாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். இசைக்குழுவைத் திரட்டுவதற்கு முன்னால் அவர் நாடியது ஏ.என்.எஸ். என்ற ஒலியாக்கியை. யெவ்கேனி முர்சின் என்ற பொறியாளர் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கிய கருவி அது. இசைமேதை அலெக்சாந்தர் நிக்கலாயெவிச் ஸ்க்ரியாபினின் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கியது. ஐந்து கண்ணாடித் தட்டுகளில், தட்டுக்கு 144 வீதம் 720 சுத்த ஒலிகள் ஒளித்தடங்களாகப் பதிந்திருக்கும். கரிய பசை பூசிய ஒரு கண்ணாடிப் பலகையில் இசையமைப்பாளர் கீறுவார். கீறிய இடத்தில் ஒளி ஊடுருவும், ஒளி ஒலியாகும். ஒரு ஸ்தாயி 12 சுரங்களாக அல்ல, 72 கூறுகளாகப் பிரிந்திருக்கும். சுரத்துக்கும் இரைச்சலுக்கும் நடுவே நாம் வழக்கமாக எழுப்பும் சுவர் இந்தக் கருவியில் இல்லை. ஒரே ஒரு கருவிதான் உலகில் உண்டு; இன்று மாஸ்கோவின் இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கருவி புதுமையானது என்பதற்காக நாம் அதைப் புகழவில்லை. நாவலின் கேள்விக்கு அது விடையிறுத்த முறைக்காகவே புகழ்கிறோம். படத்தில் ஆய்வு நிலையக் காட்சிகளைக் கேளுங்கள். எந்திரத்தின் முனகல் எங்கே முடிகிறது, கடலின் ஒலி எங்கே தொடங்குகிறது, ஆர்தெமியேவின் இசை எங்கே நுழைகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாது. அஞ்சுவதா அமைதியுறுவதா என்று அந்த ஒலி நமக்குச் சொல்வதே இல்லை. சூழ்கிறது, தொடுவதில்லை. நூலகக் காட்சியில் ஹாரே, ப்ரூகெலின் பனிக்கால ஓவியத்தை உற்றுநோக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். பறவையோ, மனிதக் குரலோ, மணியோ என்று ஊகிக்கத்தக்க மங்கலான ஒலிகள் மின்னணு மூட்டத்துக்குள்ளிருந்து எழுந்து எழுந்து மறைகின்றன. பூமியை ஒருபோதும் கண்டிராத ஒருத்தி, ஓர் ஓவியத்தின் வழியே பூமியைக் கேட்க முயல்கிறாள். நாம் அறிந்த ஒலிகளையே அறியாத ஒலிகளாகக் கேட்கிறோம். அந்நியமாதல் என்று திறனாய்வாளர்கள் பத்துப் பக்கம் எழுதுவதை ஆர்தெமியேவ் சில நிமிடங்களில் செய்துவிட்டார்.

இங்கே ஒரு தடை எழும். லெம்முக்கே அந்தப் படம் பிடிக்கவில்லையே என்பார்கள். உண்மை. தார்க்கோவ்ஸ்கி எடுத்தது சோலாரிஸ் அன்று, ‘குற்றமும் தண்டனையும்’ என்ற பொருள்பட லெம் கடிந்துகொண்டது யாவரும் அறிந்தது. நாவலில் இல்லாத தந்தையின் வீடு, குளம், குதிரை, இறுதியில் தந்தையின் காலடியில் மண்டியிடும் மகன் என்று படம் பூமியை நோக்கியே திரும்பிக்கொண்டிருக்கிறது. லெம் கடலைப் பார்க்கச் சொன்னார். தார்க்கோவ்ஸ்கி மனசாட்சியைப் பார்த்தார். இந்தக் குற்றச்சாட்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஆர்தெமியேவையும் ஏற்றுவதை மறுக்கிறோம். அந்தப் படத்தில் இயக்குநரைக் காட்டிலும் நாவலுக்கு விசுவாசமாக இருந்தவர் அதன் இசையமைப்பாளரே.

சான்று படத்திலேயே இருக்கிறது. தார்க்கோவ்ஸ்கி தன் பூமியைக் கொண்டுவர விரும்பிய இடங்களிலெல்லாம் பாஹின் ஆர்கன் இசை ஒன்றை வைத்தார். இறைவனை விளித்து மன்றாடும் ஒரு பாடலின் மீது அமைந்த முன்னிசை அது. அதன் அழகில் நமக்கு ஐயமில்லை. கேட்டுக் கண் கலங்காதவர் அரிது. ஆனால் அது விடை தெரிந்த இசை. எங்கே திரும்ப வேண்டும், யாரிடம் இறைஞ்ச வேண்டும் என்று அறிந்த ஒரு பண்பாட்டின் குரல். அது ஒலிக்கும்போது சோலாரிஸ் மறைந்து லைப்சிக் நகரத்துத் தேவாலயம் வந்துவிடுகிறது. ஆர்தெமியேவின் ஒலிகளோ கடலின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கின்றன. பாஹின் மேலேயே பின்னர் அவர் தம் அடுக்குகளை ஏற்றும்போது, பழகிய பிரார்த்தனைக்குள்ளும் அந்நியம் கசிகிறது. இயக்குநர் வீட்டுக்குப் போக விரும்பினார். இசையமைப்பாளர் கதவை முழுவதும் மூட விடவில்லை. லெம் அந்தப் படத்தில் உயிருடன் எஞ்சியிருக்கும் இடம் அதன் ஒலித்தடம்.

இனி 2002. கிளிஃப் மார்ட்டினெஸ் ஒரு ராக் குழுவில் முரசு வாசித்தவர். அவருடைய சோலாரிஸ் இசையில் கரீபியத் தீவுகளின் இரும்புப் பீப்பாய் முரசுகள், நரம்பிசைப் படலத்தின் மீது துளித்துளியாக விழுந்துகொண்டேயிருக்கும். தனியே கேட்க மிக இனியது. நம்மில் சிலர் இரவு வாசிப்புக்கு அதையே துணையாக வைத்திருக்கிறோம். ஆகவே இதைப் பகையுணர்ச்சியால் சொல்லவில்லை: அது துயரத்தின் இசை, இழந்த மனைவியின் இசை. கடல் அதில் இல்லை. சோடர்பெர்க் எடுத்த படம் ஒரு காதல் கதையாகையால் அந்தப் படத்துக்கு அது மிகப் பொருத்தம். நாவலுக்கோ அது அயலானது. தன் நூலின் பெயர் சோலாரிஸ், விண்வெளியில் காதல் அன்று என்ற கருத்தில் லெம் அப்போது எழுதியதை மறந்துவிட வேண்டாம். படத்துக்குப் பொருந்தும் இசை வேறு, மூலத்துக்குப் பொருந்தும் இசை வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் ‘தழுவலுக்கு உகந்த இசையமைப்பாளர்’ என்று பேசுவதில் பொருளில்லை.

நிற்க. மின்னணுக் கருவிதான் அறிவியல் புனைகதைக்கு உரியது என்று நாம் சொல்வதாக யாரேனும் எண்ணினால் அதையும் இப்போதே களைந்துவிடுகிறோம். 1951-இல் ‘பூமி அசையாது நின்ற நாள்’ படத்துக்கு பெர்னார்டு ஹெர்மன் தெரெமின் கருவியைப் பயன்படுத்தியபோது அது உண்மையாகவே அச்சுறுத்தியது. பிறகு வந்தவர்கள் பறக்கும் தட்டு தெரிந்தபோதெல்லாம் அதையே இழுத்து இழுத்து நகைப்புக்குரியதாக்கினார்கள். கருவி பழகிவிட்டால் அந்நியம் போய்விடுகிறது. மாறாக, மிஷெல் ஃபாபரின் நாவலைத் தழுவி ஜோனதன் கிளேசர் எடுத்து 2013-இல் வெளிவந்த ‘அண்டர் தி ஸ்கின்’ படத்தைப் பாருங்கள். மனித உருவில் திரியும் வேற்றுக்கோள் பெண்ணுக்கு மிக்கா லெவி அமைத்த இசையின் உயிர் வயோலா என்ற பழைய நரம்புக் கருவி. உரசி, சுருதி வழுக்கி, மனிதர் காதல் என்று அழைப்பதை வெளியிலிருந்து போலி செய்து பழகும் ஓர் உயிரின் குரலாக அது ஒலிக்கிறது. லெவிக்கு அதுவே முதல் முழுநீளப் படம். எந்த வாசகர் பட்டியலிலும் அதற்கு முன் அவர் பெயர் இருந்திருக்க முடியாது. பட்டியல்களின் பயனின்மைக்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

அடுத்த தடை குப்ரிக்கின் பெயரால் வரும். ‘2001’ படத்துக்கு இசையமைப்பாளரே தேவைப்படவில்லையே, இருந்த இசைத்தட்டுகளைக் கொண்டே 1968-இல் அவர் காவியம் படைத்தாரே என்பார்கள். காவியம்தான். ஆனால் அந்தக் காவியத்தின் அடியில் ஒருவர் புதைந்திருக்கிறார். ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தில் குப்ரிக்குடன் பணியாற்றிய அலெக்ஸ் நார்த், இந்தப் படத்துக்காகவும் நாற்பது நிமிட அளவுக்கு இசை எழுதிப் பதிவும் செய்திருந்தார். நியூயார்க்கில் படத்தைப் பார்த்தபோதுதான் தம் இசையில் ஒரு துளியும் அதில் இல்லை என்று அவர் அறிந்தார். அவர் 1991-இல் மறைந்தார். அந்த இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித் நடத்த முழுமையாகப் பதிவாகி வெளிவந்தது 1993-இல். குப்ரிக் தேர்ந்த லிகெட்டியின் இசை நார்த்தினுடையதைவிட அந்தப் படத்துக்கு உகந்தது என்பதில் நமக்கும் ஐயமில்லை. கருங்கல் தூண் தோன்றும்போது எழும் அந்தக் குரல் திரள், நாம் சொன்ன காற்றுப்படலத்தை முழுமையாகக் காப்பாற்றுகிறது. ஆனால் குப்ரிக்கிடமிருந்து மற்றவர்கள் கற்றுக்கொண்டது அவருடைய செவியை அன்று, அவருடைய வழக்கத்தை. படத்தொகுப்பின்போது பிறருடைய இசையைத் தற்காலிகமாக ஒட்டிப் பார்ப்பார்கள். மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு அதன்மீதே காதல் கொள்வார்கள். பின்னர் இசையமைப்பாளரை அழைத்து, இதைப் போலவே, ஆனால் வழக்கு வராதபடி எழுதித் தா என்பார்கள். படங்களின் இசை ஒன்றுபோலவே ஒலிப்பதற்கு இசையமைப்பாளரின் வறுமையைக் காட்டிலும் இந்த வழக்கமே பெரும் காரணம்.

நல்ல இயக்குநர்களும் இதிலிருந்து தப்பவில்லை. டெட் சியாங் 1998-இல் எழுதிய குறுநாவலைத் தழுவி டெனி வில்நவ் 2016-இல் எடுத்த ‘அரைவல்’ படத்துக்கு யோஹான் யோஹான்சன் அமைத்த இசை, ஆர்தெமியேவுக்குப் பின் நாம் கேட்ட மிகச் சிறந்த அந்நிய இசைகளுள் ஒன்று. மனிதக் குரல்களைத் துண்டுதுண்டாக அடுக்கி, மொழியாகப் போகும் ஒன்றை மொழியாவதற்கு முன்னரே அவர் கேட்கச் செய்தார். ஆனால் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒலிப்பது மாக்ஸ் ரிக்டர் 2004-இல் வெளியிட்ட பழைய இசை. அந்தக் காரணத்தால் யோஹான்சனின் இசை ஆஸ்கர் போட்டிக்கே தகுதியிழந்தது. விருது போனதற்காக நாம் வருந்தவில்லை. கதையின் இரு முனைகளிலும் கண்ணீருக்கு உத்தரவாதமான இசை தேவைப்பட்டிருக்கிறது. அந்நியம் நடுவில் மட்டுமே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நம் வருத்தம் அதுவே. மறு ஆண்டு ‘பிளேடு ரன்னர் 2049’ படத்திலிருந்து யோஹான்சன் விலக்கப்பட்டு, ஸிம்மரும் பெஞ்சமின் வால்ஃபிஷும் அமர்த்தப்பட்டார்கள். 2018-இல் யோஹான்சன் மறைந்தார். அந்தப் படத்துக்கென அவர் எழுதியது எப்படி ஒலித்திருக்கும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அப்படியானால் ஸிம்மர் மீது நமக்குக் காழ்ப்பா என்று கேட்கலாம். இல்லை. 2021-இல் வெளிவந்த ‘டூன்’ அதற்குச் சாட்சி. ஃபிராங்க் ஹெர்பெர்ட்டின் அந்த நாவலை இளம்வயதிலேயே வாசித்து மனத்தில் சுமந்து திரிந்தவர் அவர். அதற்காகவே கிறிஸ்டோஃபர் நோலனின் ‘டெனெட்’ பட வாய்ப்பைத் துறந்தார். எங்கோ எதிர்காலத்தில், எங்கோ ஒரு பாலைவனத்தில் ஐரோப்பிய இசைக்குழு எப்படி வந்தது என்று தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வியிலிருந்து புதிய ஒலிகளும் தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் பெண் குரலும் பிறந்தன. 2022-இல் அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அவருடைய உரிமை புகழால் வந்ததன்று, வாசிப்பால் வந்தது. டேவிட் லிஞ்ச் 1984-இல் எடுத்த ‘டூன்’ படத்துக்கு டோட்டோ என்ற ராக் குழுவை அமர்த்தியபோதும் புகழுக்குக் குறைவில்லை. இன்று அந்த ஒலித்தடத்தில் பெரும்பாலோர் நினைவில் நிற்பது பிரையன் ஈனோ அளித்த ஒரு சிறு பகுதியே. புகழ் இரண்டிலும் இருந்தது, வாசிப்பு ஒன்றில்தான் தெரிகிறது.

ஆக, நம் கோரிக்கைகள் மூன்று. முதலாவது, இசையமைப்பாளர் மூலநூலை வாசித்திருக்க வேண்டும். திரைக்கதையை அன்று, நூலை. இரண்டாவது, படப்பிடிப்பு முடிந்து தொகுப்பு மேசையில் பிறர் இசை ஒட்டப்படுவதற்கு முன்னரே அவர் அழைக்கப்பட வேண்டும். மூன்றாவது, எந்தக் காட்சியில் இசை இருக்கக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் அவருக்கும் வேண்டும். புதியவரை அமர்த்தும்போது இந்த மூன்றாவது உரிமையைத்தான் முதலில் பறிப்பார்கள் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். அதனாலேயே இதை உரத்துச் சொல்கிறோம்.

சோலாரிஸ் மூன்றாம் முறையும் திரைக்கு வரக்கூடும். அன்று யாரைப் பரிந்துரைப்பீர்கள் என்று நம்மைக் கேட்டால், பெயர் சொல்ல மாட்டோம். இசையமைக்க வருபவரிடம் நாவலின் கடைசிப் பக்கங்களைத் தந்து, கைக்கும் அலைக்கும் நடுவிலுள்ள அந்தக் காற்றுக்கு ஒரு நிமிடம் ஒலி அமைத்துத் தரச் சொல்வோம். அந்த ஒரு நிமிடத்தில் கடல் நல்லதா தீயதா என்று நமக்குத் தெரிந்துவிட்டால் அவரை நன்றி கூறி அனுப்பிவிடலாம்.

நம்மோடு உடன்படாத நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு சோலாரிஸ் படங்களிலும் கெல்வின் ஆய்வு நிலையத்துக்குள் நுழையும் பகுதியை ஒரே இரவில், கண்களை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். பிறகு நாவலின் அதே பகுதியை வாசியுங்கள். எந்த ஒலி அந்தப் பக்கங்களோடு சேர்ந்து நிற்கிறது என்று எழுதுங்கள். நாம் தவறென்று நிறுவப்பட்டால் ஒப்புக்கொள்ளத் தயங்க மாட்டோம்; ஆனால் மறுப்பு இன்னொரு பெயர்ப் பட்டியலாக மட்டும் வர வேண்டாம்.